நூலகரும் பேராசிரியர்தானா?

கல்லூரி நூலகர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார் நண்பர்களே? தேதி முத்திரை குத்துபவர், தாமதமானால் அபராதம் கேட்பவர்... அவ்வளவுதானே! அமெரிக்காவிலும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தார்கள்.

அங்கே பேராசிரியர்களுக்கு 'டெனியூர்' என்றொரு பாதுகாப்பு உண்டு. சில ஆண்டுகள் தகுதிகாண் பருவம், பிறகு பணி நிரந்தரம். அதன்பின் தகுந்த காரணமில்லாமல் யாரையும் நீக்க முடியாது. மனதில் பட்டதைப் பயமின்றிச் சொல்லவே இந்த ஏற்பாடு. இதன் அடிப்படை விதிகள் 1940ல் வகுக்கப்பட்டன.

நூலகர்களுக்கு? ராபர்ட் டவுன்ஸ் தலைமையில் இருந்த இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தில் 1944ல் அவர்களுக்குக் கல்விப் பணியாளர் தகுதி கிடைத்தது. 1971ல் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் தரநிலைகளை வெளியிட்டது. சக நூலகர்கள் மதிப்பிட்டுத் தரும் பதவி உயர்வு, டெனியூர், ஆய்வு விடுப்பு, கல்விச் சுதந்திரம் எல்லாம் அதில் இருந்தன.

நூலகருக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். சர்ச்சைக்குரிய புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைப்பவர் அவர்தானே? வேலை போய்விடுமோ என்று அவர் பயந்தால், அந்தப் புத்தகம் நம் கைக்கு வராமலே போகும்.

ஆனால் இது சும்மா கிடைப்பதில்லை. அன்றாட வேலைக்கு நடுவே ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்கவும் இல்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்ததும் உண்டு. 2022ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், டெனியூரைத் தக்கவைக்க விரும்பிய நூலகர்கள் வேறு துறைக்கு மாற வேண்டியதாயிற்று.

அடுத்த முறை நூலகம் போகும்போது, முத்திரை குத்தும் கையைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்!