விங்க்ளர் வைத்த ஸ்பிரிங்

இப்போது ஜூனியர்கள் கம்ப்யூட்டரில் பீமுக்கு ஸ்பிரிங் சப்போர்ட் கொடுக்கும் வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இடத்தைக் காட்டு, 'கே' மதிப்பைத் தட்டு, ரன் கொடு. முடிந்தது! அந்த 'கே' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் முழிக்கிறார்கள். நானும் முழித்தவன்தான்.

கதை ரயில் தண்டவாளத்தில் தொடங்குகிறது. ப்ராக் நகரில் பேராசிரியராக இருந்த எமில் விங்க்ளர், 1867-ல் வெளியான தமது நூலில் துணிச்சலான ஒரு சுருக்குவழி சொன்னார். தண்டவாளம் ஒரு நீண்ட பீம். அடியிலுள்ள மண், ஒன்றோடொன்று பேசாத ஸ்பிரிங்குகளின் வரிசை மாதிரி. அழுத்திய இடம் மட்டும், அழுத்தத்துக்கு ஏற்ப இறங்கும். நிஜ மண் அப்படியா? மெத்தையில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் சற்று இறங்குகிறாரே, மண்ணும் அந்த ஜாதிதான். ஆனாலும் கணக்குப் போட முடிந்தது! 1888-ல் ஸிம்மர்மன் அதைத் தண்டவாளக் கணக்காக விரித்தார். 1946-ல் ஹெடேனி இதற்கென்றே ஒரு முழு நூல் எழுதினார்.

பிறகு கம்ப்யூட்டர். 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறையில், ஸ்பிரிங் என்பது ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் கூட்டும் ஒரு எண். அவ்வளவுதான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

அதற்கு முந்தைய வருடமே டெர்ஸாகி (இவர் ப்ராக்கிலேயே பிறந்தவர்!) எச்சரித்திருந்தார்: 'கே' மண்ணின் நிலையான குணம் அல்ல, அஸ்திவாரத்தின் அகலத்தைப் பொறுத்து மாறும். இது தெரியாமல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், களிமண்ணில் 30 செ.மீ. பிளேட்டை வைத்து எடுத்த மதிப்பை 3 மீட்டர் அஸ்திவாரத்துக்கு அப்படியே தட்டிவிட்டேன். படம் கலர் கலராக, ரொம்ப அழகாக வந்தது. சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, பிளேட் அகலம் எவ்வளவு, உன் பௌண்டேஷன் அகலம் எவ்வளவு?" என்றார். களிமண்ணில் 'கே' அகலத்துக்கு எதிர்விகிதம். பத்து மடங்கு தப்பு! நல்லவேளை, டிராயிங் இன்னும் சைட்டுக்குப் போகவில்லை.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இரு முனையிலும் சாதாரண சப்போர்ட், நடுவில் லோடு, அதே இடத்தில் அடியில் ஸ்பிரிங். 48 இ.ஐ.-யை எல் கியூபால் வகுத்து, வரும் எண்ணையே 'கே'யாகக் கொடுங்கள். லோடில் சரிபாதியை ஸ்பிரிங் வாங்க வேண்டும். வரவில்லையா? முதலில் யூனிட்டைப் பாருங்கள்.