தட்டில் பதிந்த குரல்



நம் முன்னோர் கல்லிலே எழுதினர், செம்பிலே எழுதினர், ஓலையிலே எழுதினர். அவர்கள் எழுதி வைத்தமையால் அவர்களுடைய சொற்கள் இன்றும் நம்மோடு பேசுகின்றன. ஆயினும் ஒன்றை மட்டும் அவர்களால் எழுத இயலவில்லை. அதுவே குரல்.

இதனால் நேர்ந்த இழப்பு எத்தகையது என்பதற்குத் திருமலைக் கோயிலின் செப்பேடுகளே சான்று. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாளப்பாக்கம் அன்னமாசாரியார் திருவேங்கடமுடையான்மீது தெலுங்கில் ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடினார். அவை செப்பேடுகளில் வெட்டப்பெற்றுக் கோயிலிலே வைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவற்றை எடுத்துப் படித்தபோது சொற்கள் சிதையாமல் இருந்தன; எந்தப் பாட்டு எந்த இராகம் என்ற குறிப்பும் இருந்தது; ஆனால் மெட்டு இல்லை. இராகத்தின் பெயரைக் கொண்டு பாட்டின் மெட்டை அறிந்துவிட முடியுமா? ஊரின் பெயர் தெரிந்த அளவிலே வழி தெரிந்துவிடுமா? அன்னமாசாரியார் எவ்வாறு பாடினார் என்பதை இனி எவரும் அறிய முடியாது.

குரலை எழுதி வைக்கும் கருவி உலகுக்குக் கிடைத்தது 1877-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் எடிசன் என்பார் அதனைக் கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1887-இல், பெர்லினர் என்பார் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தகட்டிலே ஒலியைப் பதிக்கும் முறையை வகுத்தார். அதுவே கிராமபோன். அந்தத் தட்டு நம் நாட்டு இசையைத் தேடி வந்த வரலாற்றையும், அதன்முன் நின்று பாடிய கலைஞர்களின் பெருமையையும் இன்று சிறிது காண்போம்.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் அமெரிக்கர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். நம் மொழிகளையோ இசையையோ அவர் அறியார். பெரிய ஊதுகுழல் ஒன்று, அதன் முனையிலே ஒரு மெல்லிய தகடும் ஊசியும், அடியிலே சுழலும் மெழுகுத் தட்டு. இவையே அவர் கொண்டுவந்த கருவி. பாடுவோர் ஊதுகுழலின் வாய்க்கு அருகே நின்று உரக்கப் பாடவேண்டும். அவ்வொலியால் தகடு அதிரும், ஊசி அசையும், மெழுகிலே கோடு விழும். மின்சாரம் இல்லை; ஒலிவாங்கி இல்லை; பிழை நேர்ந்தால் திருத்தவும் வழி இல்லை. பாடுவதற்குக் கிடைத்த காலமோ ஏறத்தாழ மூன்று நிமிடம்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அக்கருவியின்முன் நின்று பாடியவர்களுள் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான் என்னும் இந்துஸ்தானி இசையரசி. பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அவர் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்குதான் அரக்குத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. அங்கிருந்த தொழிலாளர் பாடியவர் யாரென அறிந்து தட்டிலே சரியான பெயரை ஒட்டவேண்டும் அன்றோ? 1908-இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலேயே தொழிற்சாலை ஏற்பட்ட பின் அவ்வளவு தொலைவு செல்லவேண்டிய தேவை நீங்கியது.

மூன்று நிமிடம் என்பது நம் இசைக்கு எத்துணைச் சிறிய காலம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் இராகத்தை ஆலாபனை செய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்ட வித்துவான்கள் வாழ்ந்த காலம் அது. சங்கதி மேல் சங்கதியாகக் கீர்த்தனையை வளர்த்து, நிரவல் செய்து, கற்பனை சுவரம் பாடுவது நம் மரபு. இவற்றையெல்லாம் மூன்று நிமிடத்தில் அடக்குவது எங்ஙனம்?

வகுப்பறையிலே நீங்கள் சுருக்கி வரையும் பயிற்சி செய்திருப்பீர்கள். நீண்டதொரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொன்னால், பொருள் அறியாத மாணவன் வாக்கியங்களை இடையிடையே வெட்டிவிடுவான். பொருள் அறிந்தவனோ உயிரான கருத்தை வைத்துக்கொண்டு ஏனையவற்றை விடுவான். எதை விடுவது என்பது, எதை அறிந்திருக்கிறோம் என்பதைக் காட்டிவிடும். இசைத்தட்டு வைத்த தேர்வும் இத்தகையதே. நல்ல கலைஞர் சில நொடிகளிலேயே இராகத்தின் முகத்தைக் காட்டினர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகள் குன்றாமல் பாடி, ஊசி நிற்கும் இடத்தில் தாமும் நின்றனர்.

இத்தேர்வுக்கு முதலில் முன்வந்தவர் யாவர்? வித்துவான்கள் பலர் தயங்கினர். கருவி குரலைக் குடித்துவிடும் எனச் சிலர் அஞ்சினர். அரிதிற் கற்ற வித்தை தெருவிலே ஒலிக்கலாமா எனச் சிலர் வருந்தினர். துணிந்து முன்வந்தவருள் பெரும்பாலோர் பெண்டிர். அதிலும் கோயிலையும் அரங்கையும் சார்ந்து தலைமுறை தலைமுறையாக இசையையும் நாட்டியத்தையும் காத்துவந்த குடும்பங்களில் தோன்றியவர்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் அவர்களுட் சிலர். அக்காலத்தில் சமுதாயம் இவர்களுடைய கலையைச் சுவைத்தது. ஆனால் இவர்களைத் தாழ்வாகவே பேசியது. இசைத்தட்டோ குலம் கேட்கவில்லை. குரலை மட்டுமே கேட்டது.

பழனிக்குஞ்சரம் என்னும் இயற்பெயருடைய கோயம்புத்தூர் தாயியின் குரல் சென்ற தொலைவைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். மாரிஸ் தெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், புகழ்பெற்ற ராவலின் மாணவர், 1911, 1912 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிலே பயணம் செய்தார். தாயியின் இசைத்தட்டுகள் அவர் உள்ளத்தைப் பிணித்தன. அப்பயணத்தின் பயனாக அவர் இயற்றிய நான்கு இந்தியப் பாடல்கள் 1914 ஜனவரியில் பாரிஸ் நகரில் அரங்கேறின. அவற்றுள் ஒரு பாடலுக்குச் 'சென்னை' என்பதே பெயர். தாயி பாடிய இசைத்தட்டு ஒன்றைத் தழுவி 'இராகமாலிகை' என்ற பெயரிலேயே மற்றொரு பாடலையும் அவர் அமைத்தார். அதிலே பியானோவின் தந்தியின் கீழே ஓர் அட்டையைச் செருகி ஒலியை மழுக்குமாறு குறிப்பு எழுதினார். நம் இசையின் நாதத்தை அயல்நாட்டுக் கருவியிலே காண அவர் பட்ட பாடு அது. மூன்று நிமிடத் தட்டொன்று கடல் கடந்து ஒரு கலைஞரைத் தம் கருவியையே மாற்றச் செய்தது.

1925-ஆம் ஆண்டில் மேல்நாட்டில் ஊதுகுழல் போய் ஒலிவாங்கி வந்தது. சில ஆண்டுகளில் நம் நாட்டிலும் அது பரவியது. இனிக் கத்திப் பாடவேண்டியதில்லை; மெல்லிய கமகமும் தட்டிலே படியலாயிற்று. 1930-களில் வீணை தனம்மாளின் இசையும் கொலம்பியா தட்டுகளிற் பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. கண் பார்வையும் குன்றியிருந்தது. ஒன்றிரண்டு பேர் அருகிலிருந்து கேட்பதற்கென்றே அமைந்தது போன்ற மென்மையான, விரைவறியாத வாசிப்பு அவருடையது. அவர் 1938-இல் மறைந்தார். அச்சில தட்டுகள் இல்லாதிருந்தால் அவருடைய நாதம் பெரியோர் சொல்லக் கேட்கும் ஒரு கதையாகவே முடிந்திருக்கும். அன்னமாசாரியாரின் மெட்டுக்கு நேர்ந்த கதி தனம்மாளின் வீணைக்கு நேரவில்லை.

தட்டு இன்னொரு தொண்டும் செய்தது. முன்பெல்லாம் உயர்ந்த இசையைக் கேட்கவேண்டுமானால் கோயில் திருவிழாவுக்கோ, செல்வர் வீட்டுத் திருமணத்துக்கோ, சபைக்கோ செல்லவேண்டும். இசைத்தட்டு வந்தபின் கச்சேரியைக் கண்டறியாத பெண்களும் சிற்றூர்ச் சிறுவர்களும் பெரியோரின் பாட்டை வீட்டிலிருந்தே கேட்டனர்; ஊசியை மீண்டும் மீண்டும் வைத்துக் கேட்டுப் பாடமும் செய்தனர். 1926-இல் மதுரையைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வீணைக் கலைஞரான தன் தாய் சண்முகவடிவு உடனிருக்க ஒரு தட்டிலே பாடினாள். பின்னாளில் உலகமெல்லாம் புகழ்ந்த எம். எஸ். சுப்புலட்சுமி அச்சிறுமியே.

1948-இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு வெளிவந்தது. அரக்குத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. இதுவோ முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மேலாகச் சுழன்றது. கோடுகளும் மிக நுண்ணியவை. ஆதலின் ஒரு பக்கத்திலே இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று. 1955-இல் நியூயார்க்குக்குச் சென்ற சரோத் மேதை அலி அக்பர் கான் பக்கத்துக்கு ஓர் இராகமாக இரண்டு இராகங்களை வாசித்து ஒரு நெடுந்தட்டு அளித்தார். அதற்கு முன்னுரை பேசியவர் வயலின் மேதை யெஹுதி மெனுஹின். அதுவரை முகத்தை மட்டுமே காட்டிய இராகம், தட்டிலே நடந்து வரவும் தொடங்கியது.

எம். எஸ். அவர்கள் பாடிய வேங்கடேச சுப்பிரபாதம் 1963-இல் நெடுந்தட்டாக வெளிவந்து, எண்ணற்ற இல்லங்களில் விடியற்காலையின் ஒலியாகவே ஆகிவிட்டது. ஆனால் மாணவர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது அவருடைய பிற்காலப் பணி ஒன்று. 1979-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் 'பாலாஜி பஞ்சரத்தின மாலை' என ஐந்து நெடுந்தட்டுகளைப் பாட அவர் இசைந்தார். அன்னமாசாரியாரின் செப்பேட்டுப் பாடல்கள் அவற்றில் இடம்பெற்றன. மெட்டு மறைந்த பாடல்களுக்குப் புது மெட்டு வேண்டியிருந்தது. அவற்றுட் சிலவற்றுக்கு நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்துக் கற்பித்தார். அறுபதைக் கடந்த, ஐக்கிய நாடுகள் சபையில் 1966-இலேயே பாடிப் புகழ்கண்ட அம்மையார், தம்மினும் இளைய வித்துவானிடம் மாணவியாக அமர்ந்து புதிய பாடம் கேட்டார். செம்பிலே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊமையாய்க் கிடந்த பாட்டு, தட்டிலே குரல் பெற்றது. புதிய இசைத்தொகுப்பு என்றால் அதன் பின்னே புதிய கல்வி இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

பின்னர் ஒலிநாடா வந்தது. 1982-இல் குறுந்தகடு வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசை உள்ளங்கையளவு தகட்டிலே அடங்கியது. இன்று தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. புதிய இசைத்தொகுப்புகள் இணையத்தின் வழியே கைபேசிக்கு வந்து சேர்கின்றன. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாடலாம். கருவி விதித்த எல்லை முற்றும் நீங்கிவிட்டது.

ஆனால் எல்லை உண்மையிலேயே நீங்கிற்றா? அன்று கலைஞருக்கு மூன்று நிமிடம் தந்தது கருவி. இன்று அந்த மூன்று நிமிடத்தையும் தர மறுப்பவர் கேட்போர். ஆலாபனை தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் விரலால் தள்ளி அடுத்த பாட்டுக்குச் செல்லும் வழக்கம் பரவிவருகிறது. கருவியின் எல்லையை நம் கலைஞர்கள் அறிவினால் வென்றனர். கேட்போரின் பொறுமையின்மையை அவர்கள் எதனால் வெல்வர்?

மற்றொரு குறையும் உண்டு. பழைய தட்டுகளில் பெரும்பாலும் பாடியவர் பெயர் மட்டுமே இருக்கும்; பிடில் வாசித்தவர் யார், மிருதங்கம் வாசித்தவர் யார் என்பதை இன்று கண்டறிவது அரிது. அவர்கள் விரலோசை இருக்கிறது, பெயர் இல்லை. இன்று பெயர்களை வெளியிடத் தடையேதும் இல்லை. ஆயினும் தேடிப் படிப்பவர் மிகச் சிலரே. மெட்டை இழந்த காலம் ஒன்று. பெயரை இழந்த காலம் ஒன்று. இவ்விரண்டும் இருக்கவும் கேட்கும் மனத்தை இழந்தோம் என்ற பழி நம் காலத்துக்கு வரலாகாது.

ஆகவே, மாணவர்களே, புதிய இசைத்தொகுப்பொன்று வெளிவந்தது எனக் கேள்வியுற்றால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். பாடியவர் யாரிடம் கற்றார்? உடன் வாசித்தவர் யாவர்? இப்பாட்டிலே எதை விரித்தனர், எதைச் சுருக்கினர்? பின்னர் ஒரே ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை இடையே நிறுத்தாமற் கேளுங்கள். அடுத்த நாளும் அதனையே கேளுங்கள். முதல் நாள் கேளாத ஒரு சங்கதி இரண்டாம் நாள் உங்கள் செவியிற் படும். கோயம்புத்தூர் தாயியின் பழந்தட்டுகளும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. கரகரப்பு மிகுதியாயிருக்கும், அதனை ஊடுருவிச் செவி கொடுங்கள். ஊதுகுழலின்முன் நின்று, நேரத்தை எண்ணிக்கொண்டே, கற்ற அனைத்தையும் மூன்று நிமிடத்தில் வைத்துச் சென்ற ஓர் அம்மையாரின் குரல் தெளிவாகக் கேட்கும்.