தோல் தொழிலும் பாலாறும்: ஒரு கணக்கு



தொழில் ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் பணத்தால் என்ன பலன் என்று வாணியம்பாடியிலிருந்து பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவர் ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

சென்னை அடையாற்றில் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அரசுப் பணத்தில் தொடங்கியது. அன்று நாம் பெரும்பாலும் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும்தான் ஏற்றுமதி செய்தோம். அதைச் செருப்பாக்கி விற்கும் லாபம் வெளிநாட்டுக்குப் போனது. 1958-இல் இயக்குநரான நாயுடம்மா, ஆய்வகத்தையும் தொழிற்கூடத்தையும் நெருங்க வைத்தார். 1970-களில் அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, முழுதாகப் பதனிடும் நுட்பமும் பயிற்சி பெற்ற ஆட்களும் நம்மிடம் இருந்தார்கள்.

ஆனால் ஆய்வகத்துக்கே முழு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அரசின் கட்டுப்பாட்டுக்கும் தொழிலாளர் உழைப்புக்கும் அதில் பங்குண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. தோல் உறிஞ்சாத குரோமியம் கழிவுநீரோடு வெளியேறியது. பாலாற்றங்கரையில் நிலத்தடி நீர் கெட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குரோமியக் கழிவைக் குறைக்கும் முறைகளைக் கண்டுபிடித்துத் தந்ததும் அதே நிலையம்தான்.

பணம் வீணாகவில்லை என்பதே என் முடிவு. பதனிடுவதில் காட்டிய அவசரத்தைக் கழிவுநீரிலும் அன்றே காட்டியிருக்க வேண்டும். ஏற்றுமதித் தொகையை எழுதும்போது, கெட்டுப்போன கிணறுகளையும் அதே தாளில் எழுதுங்கள்.