கூண்டில் ஒரு பூர்வீகம்

சேலம், நாமக்கல் சீமையில் பூர்வகாலத்து எலும்பைத் தேடித் தோண்டுகிறவனுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. சுமார் 250 கோடி வருஷ வயசு. டைனோசார் என்ற ஜாதி தோன்றியே ஏறக்குறைய 23 கோடி வருஷம்தான் ஆகிறது. அவை இந்த மேட்டில் நடமாடியிருந்தாலும், செத்த உடலை மூடிக் காக்கச் சேறும் மணலும் வேண்டாமா? அவை படிந்தது கிழக்கே, அரியலூர்ப் பக்கம். அங்கே கல்லமேட்டு மண்ணை அலசியதில் ஒரு பொடிப் பல் அகப்பட்டது. ட்ரூடான் வம்சத்துப் பல் என்று 2013இல் ஜி. வி. ஆர். பிரசாத் முதலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வம்சம் பறவைகளுக்கு நெருங்கிய பங்காளி.

இந்தப் பங்காளி உறவை நிலைநாட்டப் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. ஜெர்மனியில் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லிலிருந்து 1861இல் ஒரு பிராணி வெளிப்பட்டது. ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று பெயர். பல்லியைப் போல நீண்ட எலும்பு வால், ஆனால் உடம்பில் இறகு! பறவைகள் டைனோசார் கிளையைச் சேர்ந்தவை என்று ஹக்ஸ்லி 1868லேயே வாதாடினார். டென்மார்க்கு ஓவியர் ஹெயில்மன் 1926இல் வழக்கைத் தள்ளிவிட்டார். அவர் காட்டிய காரணம், கோழிக்கறி சாப்பிடுகிற எல்லோரும் தட்டில் பார்த்திருக்கக்கூடிய கவட்டை எலும்புதான். டைனோசாருக்கு அது இல்லை என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தீர்ப்பே செல்லுபடியாயிற்று. பிறகு அமெரிக்காவில் ஆஸ்ட்ரம் அப்பீல் செய்தார்; கவட்டை எலும்பும் டைனோசார்களிடம் வரிசையாக அகப்பட்டது. 1996இல் சீனாவிலிருந்து வந்த சாட்சிக்கோ உடம்பெல்லாம் தூவி. கோழி அளவுள்ள அந்த டைனோசாரால் பறக்க முடியாது. ஆக, இறகு முதலில் குளிருக்குப் போர்வையாக இருந்திருக்கலாம். பறப்பது பின்னால் வந்த சாமர்த்தியம்.

அரைகுறைச் சிறகால் என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் டயல் என்ற விஞ்ஞானி கவுதாரிக் குஞ்சுகளைச் செங்குத்தான சாய்வில் ஏறவிட்டுப் பார்த்து, 2003இல் எழுதினார். பறக்கத் தெரியாத அந்தக் குஞ்சுகள் குட்டைச் சிறகை அடித்துக்கொண்டே ஓடின. சிறகின் வீச்சு காலைச் சரிவோடு அழுத்திப் பிடிக்க உதவியது. அந்தியில் நாட்டுக்கோழி சாய்ந்த முருங்கையில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பறத்தல் தரையில் பிறந்ததா, மரத்தில் பிறந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் முருங்கைக் கட்சி.

நாமக்கல்லில் தினமும் கோடிக்கணக்கான முட்டை உற்பத்தியாகிறது. முட்டையிடும் கோழிக்கு வீடு கம்பிக் கூண்டு. அப்படி ஒரு பண்ணையில் வெகுநேரம் நின்று பார்த்தேன். காலில் செதில், மேலே இறகு, உள்ளே அந்தக் கவட்டை எலும்பு. பூர்வீகச் சொத்தில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. ஒரு கோழி இடது சிறகை விரிக்கப் பார்த்தது. பக்கத்துக் கோழி கொத்தியதும் மடக்கிக்கொண்டது.