மதுரை – தூத்துக்குடி புதிய ரயில்பாதை (அருப்புக்கோட்டை வழி)

மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி வட்டாரம், புதூர், விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடி செல்லத் திட்டமிடப்பட்ட அகல ரயில்பாதை. நீளம் 143.5 கி.மீ. 2011-12 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடி முனையில் மீளவிட்டானுக்கும் மேல்மருதூருக்கும் இடையே 18 கி.மீ. மட்டும் தண்டவாளம் போடப்பட்டுள்ளது.

அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே தாமதமாகத்தான். விருதுநகர் – மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை 1963-64இல் திறக்கப்பட்டது. திருச்சுழியும் நரிக்குடியும் அதில்தான் உள்ளன. அகலப்பாதை மாற்றத்துக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த இந்தப் பாதை 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. சென்னை – செங்கோட்டை சிலம்பு விரைவு வண்டி இவ்வழியே ஓடுகிறது. ஆனால் இது கிழக்கு மேற்காகப் போகும் பாதை. மக்களின் போக்குவரத்தோ வடக்கே மதுரையையும் தெற்கே தூத்துக்குடியையும் நோக்கியது. பந்தல்குடியில் வெட்டும் சுண்ணாம்புக்கல், புதூர், விளாத்திகுளம் கரிசலில் விளையும் மிளகாய், பருத்தி, மக்காச்சோளம், அருப்புக்கோட்டை மல்லிகை எல்லாம் சாலையை நம்பியே இருக்கின்றன.

திட்டம் தேங்கியதற்கு முதல் காரணம் நிலம். ரயில்வே மத்திய அரசின் துறை; நிலத்தை எடுத்துத் தருவது மாநில வருவாய்த் துறை. மாநிலம் நிர்வாக ஒப்புதல் ஆணை பிறப்பித்து, தனி வட்டாட்சியர்களை அமர்த்தி, பட்டாவாரியாக அளக்க வேண்டும். இழப்பீட்டுப் பணத்தை ரயில்வே கட்ட வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் மற்றது நின்றுவிடும். திட்டம் ஒப்புதல் பெற்றபோது இருந்தது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இழப்பீட்டை உயர்த்தியது. மானாவாரி நிலத்தைப் பறிகொடுக்கும் குடியானவருக்கு அது நியாயமே. ஆனால் பழைய மதிப்பீடு அதனால் செல்லாக்காசாயிற்று.

2025 ஜனவரியில் சென்னை வந்த ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், மாநில அரசே இத்திட்டம் வேண்டாம் என்று சொன்னதாகச் செய்தி பரவியது. மாநிலப் போக்குவரத்து அமைச்சர் சா.சி. சிவசங்கர் உடனே மறுத்தார். போக்குவரத்து வருவாய் குறைவு என்று தெற்கு ரயில்வேதான் கைவிட எழுதியது என்பது அவர் வாதம். இரைச்சலில் கேள்வி சரியாகக் கேட்காததால், வைஷ்ணவ் தனுஷ்கோடி பாதையைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டார் என்று பிறகு ரயில்வே விளக்கம் தந்தது. அந்த விளக்கத்தோடு பரபரப்பு அடங்கியது. வருவாய் குறைவு என்ற வாதம் மட்டும் நிற்கிறது. அதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

புதிய பாதைக்குப் போட்ட முதலில் 14 விழுக்காடு வருவாய் கிடைக்குமா என்பதே நெடுங்காலம் ரயில்வேயின் அளவுகோல். மதுரை – விருதுநகர் – மணியாச்சி – தூத்துக்குடி பழைய பாதை சுமார் 160 கி.மீ.; அது இப்போது இரட்டைப் பாதையாகிவிட்டது. புதிய பாதையால் துறைமுகச் சரக்குக்கு மிச்சமாகும் தூரம் 16 கி.மீ. அளவே. இரு முனைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ரயில்வே சொல்வது சரி. ஆனால் இந்தப் பாதையின் பயன் முனைகளில் இல்லை, இடையிலுள்ள ஊர்களில்தான். ரயிலே பார்த்திராத விளாத்திகுளத்தில் ரயில் வந்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை இன்றைய டிக்கெட் விற்பனை காட்டாது. ரயில்வேக்கென இருந்த தனி நிதிநிலை அறிக்கை 2017இல் பொது நிதிநிலை அறிக்கையோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகாவது இப்படிப்பட்ட பாதைகளைச் சாலைபோலப் பொதுச் செலவாக எண்ணியிருக்கலாம்.

கட்டணக் கொள்கையும் இந்த வருவாய்க் கணக்கைத் தொடுகிறது. கொரோனாக் காலத்தில் சாதாரணப் பயணிகள் வண்டிகள் விரைவு வண்டிகளாகப் பெயர் மாற்றப்பட்டதால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை திரும்ப வரவில்லை. 2025 ஜூலை உயர்வில், சாதாரண இரண்டாம் வகுப்புக்கு 500 கி.மீ. வரை விலக்கு கிடைத்தது. மறுபுறம், 2021 மே முதல் மாநில அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. குறுகிய தூரத்துக்கு ரயில் இதோடு போட்டியிட முடியாது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகும் தொலைப் பயணத்தில்தான் அதற்கு ஆள் சேரும்.

இணையாக ஓடும் மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் என இரு சுங்கச்சாவடிகள். சாலைப் பராமரிப்பு சரியில்லை என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றில் வசூலுக்குத் தடை விதித்தது. சில நாள்களில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது. பந்தல்குடியிலிருந்து லாரியில் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இந்தச் சுங்கமும் டீசலும் சேர்ந்தே வாடகை.

பந்தல்குடிக்கு மிக அருகிலுள்ள ரயில் நிலையம் இப்போதும் அருப்புக்கோட்டையே.