அவர் எல்லையில்... நீங்கள் பேரையூரில்! மிலிட்டரி வீடுகளுக்கு ஒரு கைடு

பேரையூர் பக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ‘மிலிட்டரிக்காரர் வீடு எது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்த மிலிட்டரிக்காரர்?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சாப்டூர் மலையடிவாரத்தில் இருந்து டி.கல்லுப்பட்டி வரை மழையை நம்பிய மானாவாரி பூமி. மழை ஏமாற்றினாலும் மாசம் பொறந்தா சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகள் இங்கே உண்டு.

பட்டாளத்துக்குப் போனவரைப் பற்றி ஊரே பேசும். அவர் போன பிறகு கேஸ் புக் செய்து, கரன்ட் பில் கட்டி, பிள்ளையின் காய்ச்சலுக்கு ராத்திரியில் ஆட்டோ தேடி அலைகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீங்கள் புதிதாகக் கல்யாணமாகி அப்படியொரு வீட்டுக்கு வந்தவரா? இல்லை, உங்கள் அக்காவோ தோழியோ அந்த இடத்தில் இருக்கிறாரா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஏன் கூடவே போக முடியாது?

ராணுவத்தில் போஸ்டிங் இரண்டு வகை. ஒன்று ‘பீஸ்’, இன்னொன்று ‘ஃபீல்டு’. பீஸ் என்றால் கன்டோன்மென்ட் ஊர்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தோடு இருக்கலாம். ஃபீல்டு என்றால் எல்லைப்பகுதி, மலைமுகடு. அங்கே குடும்பத்துக்கு அனுமதி இல்லை. பணிக்காலம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி வரும். கணவர் ஃபீல்டில் இருக்கும்போது, மனைவியும் பிள்ளைகளும் தங்குவதற்கென்றே சில ஊர்களில் தனிக் குடியிருப்புகள் உண்டு. விருப்பம் இருந்தால் அவர் யூனிட் வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஊரில் எல்லோரையும் ‘மிலிட்டரி’ என்றுதான் சொல்வோம். ஆனால் சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படைகள். லீவு, மருத்துவம், கேன்டீன் என எல்லா விதிகளும் அங்கே வேறு. பக்கத்து வீட்டு மதினி சொன்னதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் எந்தப் படை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

லீவு கணக்கு

ராணுவ ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் ‘லீவு உண்டு’ என்பது வேறு, ‘லீவு கிடைத்தது’ என்பது வேறு. யூனிட்டில் எல்லோரும் ஒரே பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது. பனி மூடினால் பாதை அடையும். எல்லையில் பதற்றம் என்றால் லீவில் வந்தவரையே திரும்பக் கூப்பிடுவார்கள்.

2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேரும் அக்னி வீரர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் விடுப்பு. பணிக்காலம் 4 ஆண்டுகள். சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதனால் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவாக இருந்தாலும் ‘அவர் வந்தா இந்தத் தேதி, வரலைன்னா இப்படி’ என்று இரண்டு திட்டம் போடுங்கள். ‘அப்பா பொங்கலுக்குக் கண்டிப்பா வருவாரு’ என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ‘வர முயற்சி பண்றாரு’ என்று சொன்னால் போதும். வராத அப்பாவைவிட, வருவதாகச் சொல்லி வராத அப்பாதான் பிள்ளையை அதிகம் அழவைப்பார்.

போன் வராத நாள்

முந்தைய தலைமுறைக்குக் கடிதம்தான் எல்லாம். முகவரியில் ஊர் பெயரே இருக்காது. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ அல்லது 99 ஏ.பி.ஓ. 56 என்றால் டெல்லியில் உள்ள மத்திய அஞ்சல் நிலையம் வழியாகவும், 99 என்றால் கொல்கத்தா வழியாகவும் கடிதம் பிரிந்து போகும். யூனிட் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இன்றைக்கும் பார்சல் அனுப்ப இதே முறைதான். ராணுவப் பின்கோடு 9-ல் தொடங்கும்.

கடிதத்துக்குப் பிறகு சாட்டிலைட் போன் வந்தது. அதில் ஜவான்கள் வீட்டுக்குப் பேச நிமிடத்துக்கு 5 ரூபாய் என்று இருந்த கட்டணம், 2017 தீபாவளி நேரத்தில் 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2023-ல் சியாச்சின் பகுதியிலேயே பி.எஸ்.என்.எல் டவர் வந்துவிட்டது. அப்படியும் போன் வராத நாள்கள் வரத்தான் செய்யும். ரோந்து, பனிப்புயல், தொலைத்தொடர்புத் தடை, போனை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டிய வேலை எனக் காரணங்கள் பல. பெரும்பாலான நாள்களில் மௌனத்துக்கு அர்த்தம் ‘சிக்னல் இல்லை’ என்பது மட்டும்தான்.

2025 மே 7-ல் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கி, மே 10-ல் சண்டை நிற்கும் வரையிலான நாள்களை நினைத்துப் பாருங்கள். வீடியோ கேம் காட்சிகளும், பழைய வெடிவிபத்து வீடியோக்களும் ‘இப்போ நடந்தது’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றின. அவற்றைத் திறந்து பார்த்துத் தூக்கம் தொலைத்த வீடுகள் எத்தனையோ. இந்த விஷயத்தில் நான்கு பழக்கங்கள் கைகொடுக்கும்.

* காயம், உயிரிழப்பு போன்ற செய்தி, பதிவில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு ராணுவத்தின் வழியாகத்தான் முறைப்படி வரும். ஃபார்வர்டு மெசேஜ் எதுவும் அதிகாரபூர்வம் கிடையாது.
* யூனிட்டின் தொடர்பு எண்ணையும், அதே யூனிட்டில் இருக்கும் இரண்டு குடும்பங்களின் எண்களையும் பேப்பரில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தாலும் பேப்பர் இருக்கும்.
* அவர் எங்கே இருக்கிறார், எந்த ரயிலில் வருகிறார், யூனிட் பெயர் என்ன என்பதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சீருடை போட்டோவுக்கும் இதேதான். 2020-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கச் சொல்லி ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டதன் காரணம் புரிகிறதல்லவா?
* ‘ஆபீஸ்ல இருந்து பேசுறோம்’ என்று சொல்லி ஓ.டி.பி, ஆதார், அவர் இருக்கும் இடம் எதைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஒரு ஃபைல், ஒரு ஞாயிற்றுக்கிழமை

அவர் லீவில் இருக்கும்போது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பேசக் கஷ்டமான விஷயம்தான். ‘நல்ல நாளும் அதுவுமா இதையா பேசுவாங்க?’ என்று அத்தை கோபித்துக்கொள்ளலாம். ஆனால் பேசாமல் விட்ட வீடுகள்தான் பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைகின்றன.

* திருமணப் பதிவு: தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோயில் ரசீதும் கல்யாண ஆல்பமும் போதாது.
* ராணுவப் பதிவு: கல்யாணமும் குழந்தை பிறப்பும் அவரது சர்வீஸ் பதிவில் ‘பார்ட் டூ ஆர்டர்’ மூலம் ஏற வேண்டும். ஏறாதவரை, ராணுவக் கணக்கில் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மருத்துவத்தில் இருந்து ஓய்வூதியம் வரை எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.
* எழுத்துப்பிழை: ஆதாரில் ஒரு இனிஷியல், ராணுவப் பதிவில் வேறு இனிஷியல் என்றால் இப்போதே திருத்துங்கள்.
* நாமினி: ராணுவக் குழுக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வங்கி மூன்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது அப்படியே இருக்கலாம். மாமியார், மனைவி யாருக்கு எவ்வளவு என்பதை அவரே இருவர் முன்னாலும் சொல்லிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.
* வங்கி: வீட்டுச் செலவுக்கு ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட். அவருடைய சம்பளக் கணக்கோடு சேர்ந்து வரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.
* மருத்துவம்: மதுரையில் இருக்கும் இ.சி.ஹெச்.எஸ் பாலிகிளினிக் ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களுக்கானது. பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கு ராணுவ மருத்துவமனை. அவசரத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், உடனே யூனிட்டுக்குத் தகவல் சொல்லி, எல்லாப் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

வரப்புத் தகராறும் வாக்குச்சீட்டும்

ஆம்பிளை ஊரில் இல்லை என்று தெரிந்தால் வரப்பு ஒரு அடி நகரும். இது கிராமத்தில் வாழும் எல்லோருக்கும் தெரியும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் இப்போது போனிலேயே பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால், லீவு கிடைக்காத ராணுவ வீரர் தன் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, தனக்காக வழக்கை நடத்த வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. போர் போன்ற சிறப்புச் சூழலில் பணியாற்றுபவரால் கோர்ட்டுக்கு வர முடியாது என்று கலெக்டர் சான்றளித்து, வழக்கை நிறுத்தி வைக்க 1925-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் வழிசெய்கிறது. வக்கீலிடம் இந்த இரண்டையும் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

ஓட்டு விஷயத்திலும் ஒரு வசதி உண்டு. தபால் வாக்கு வேண்டாம் என்றால், அவருக்குப் பதிலாக ஊரில் ஓட்டுப் போட ஒருவரை முறைப்படி நியமிக்கலாம். அந்த ஓட்டுக்கு இடதுகை நடுவிரலில் மை வைப்பார்கள். உங்கள் சொந்த ஓட்டுக்கு ஆள்காட்டி விரல். இரண்டு விரலில் மையோடு வெளியே வந்தால் யாரும் சந்தேகப்பட வேண்டாம்!

பிள்ளைகளுக்கு அப்பா என்றால் ஸ்கிரீனா?

கைக்குழந்தையை விட்டுப் போனவர் திரும்பி வரும்போது, பிள்ளை அவரைப் பார்த்து அழுதுகொண்டு உங்கள் முந்தானைக்குள் ஒளியும். இது இயல்பு. ‘அப்பாகிட்ட போடா’ என்று தள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் தானாகப் போகும்.

ஊரில் இல்லாத நாள்களில் அப்பாவுக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும். சிக்னல் கிடைக்கும்போது ஐந்து நிமிடக் கதையை வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். போன் வராத நாளில் அதைப் போட்டுக் கேட்கலாம். பரீட்சை மார்க், ரேஷன் கடை வரிசை, ஆடு குட்டி போட்டது என எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லுங்கள். ‘அவரே அங்க கஷ்டப்படுறாரு, இதை வேற சொல்லணுமா?’ என்று ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போனால், அடுத்த லீவில் அவர் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகத்தான் வருவார்.

வந்த முதல் வாரம்

இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. பத்து மாதம் எல்லா முடிவையும் நீங்களே எடுத்திருப்பீர்கள். அவர் வந்ததும் ‘ஏன் இந்த ஸ்கூல்? யாரைக் கேட்டு வித்த?’ என்று ஆரம்பித்தால் சுருக்கென்று இருக்கும். அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தான் இல்லாமலே வீடு ஓடுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கும் கொஞ்ச நாள் ஆகும். முதல் வாரத்தில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டு விருந்துகளைப் பாதியாகக் குறையுங்கள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, சத்தத்துக்கு எரிச்சல்படுவது எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவ உதவி தேவை.

உதவி அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பாதுகாப்புப் படையினருக்காகவும் அவர்கள் குடும்பத்துக்காகவும் 2023 டிசம்பரில் இதன் தனிப்பிரிவு புனேயில் தொடங்கப்பட்டது. சான்றிதழ், உதவித்தொகை, நிலப் பிரச்னை போன்றவற்றுக்கு மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகலாம். பெயரில்தான் ‘முன்னாள்’. பணியில் இருப்பவரின் குடும்பமும் மனு கொடுக்கலாம்.

மதுரைக்கு இது புதிதல்ல

சங்க காலத்தில் இதே மதுரையைச் சேர்ந்த நக்கீரர் பாடிய நெடுநல்வாடை எதைப் பற்றியது தெரியுமா? போர்ப் பாசறையில் இருக்கும் அரசனை நினைத்து, வாடைக்காற்றில் தூக்கம் வராமல் அரண்மனையில் காத்திருக்கும் அரசியைப் பற்றியது. அரசிக்கே அந்தக் கதி என்றால், உங்களுக்குத் தூக்கம் வராததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பலியானார்கள். அவர்களில் சிப்பாய் கணேசன், மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டிக்காரர். அந்தச் செய்தி வந்த நாளில் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். ‘வீட்டுக்காரர் எப்போ வர்றாரு?’ என்று அந்த வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். அடுத்த முறை நீங்கள், ‘மதினி, மதுரைக்குப் போறேன், ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் அவருக்கு அன்றைக்குத் தேவையாக இருக்கும்.