சுவரில் முளைத்த எமன்

லண்டனின் கிழக்குக் கோடியில் தேம்ஸ் நதியை ஒட்டி லைம்ஹவுஸ் என்றொரு பேட்டை. கப்பல் துறையில் உழைத்துப் பிழைக்கிறவர்கள் நிறைந்த இடம். 1862-ல் அங்கே ஒரே வீட்டில் நாலு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ‘டிப்தீரியா’ என்று முடிவு கட்டினார்கள். ஆனால், அது ஒட்டுவாரொட்டி நோய் ஆயிற்றே! பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு ஏன் வரவில்லை?

டாக்டர் தாமஸ் ஆர்ட்டனுக்கு இது உறுத்தியது. சாக்கடையைப் பார்த்தார், குடிதண்ணீரைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கடைசியில் அவர் கண் போய் நின்ற இடம் படுக்கையறைச் சுவர். பச்சைப் பசேலென்று வால்பேப்பர்!

அந்தப் பச்சைக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1775-ல் ஸ்வீடன் ரசாயன மேதை ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து உண்டாக்கிய நிறம் அது. ஆர்சனிக் என்றால் வேறொன்றுமில்லை, நம்மூர் பாஷாணம்தான். மலிவான சாயம், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு... விடுவார்களா? சுவர், கவுன், செயற்கைப் பூ என்று இங்கிலாந்துக்கே பச்சைப் பைத்தியம் பிடித்தது. ‘சுவரை யார் நக்கப்போறாங்க?’ என்கிற தைரியம்!

ஆர்ட்டன் சொன்னதை விசாரணை ஜூரிகள் ஏற்கவில்லை. ‘இயற்கை மரணம்’ என்று எழுதி ஃபைலை மூடினார்கள். புகழ்பெற்ற டிசைனர் வில்லியம் மோரிஸ்கூட இந்த டாக்டர்களின் பயத்தையெல்லாம் வெறும் பிரமை என்றுதான் தள்ளினார். இத்தனைக்கும் அவருடைய ஆரம்பகால வால்பேப்பர்களில் ஆர்சனிக் இருந்தது. அவர் குடும்பச் சொத்து வந்ததே, செம்பும் ஆர்சனிக்கும் தோண்டிய ஒரு சுரங்கத்தின் பங்குகளில் இருந்துதான். வயிற்றுப்பாடு பேசவைக்கும், வேறென்ன?

சரி, சுவரை நக்காத குழந்தைக்கு விஷம் எப்படிப் போயிற்று?

ஜெர்மனியின் க்மெலின் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார் - நிஜமாகவே மூக்கால்! பச்சைச் சுவர் உள்ள அறையில் ஓதம் ஏறினால் எலி நாற்றம் அடிக்கிறது என்று 1839-லேயே பத்திரிகையில் எச்சரித்தார். 1890-களில் இத்தாலிய டாக்டர் கோசியோ ஒரு வேலை செய்தார். உருளைக்கிழங்கை மசித்து, ஆர்சனிக் கலந்து, திறந்தபடி வைத்தார். பூஞ்சை பிடித்தது. கூடவே கும்மென்று பூண்டு வாசனை! வால்பேப்பர் ஒட்டும் பசையைத் தின்று வளரும் பூஞ்சை, ஆர்சனிக்கை வாயுவாக்கி அறைக்குள் விடுகிறது என்றார். ‘கோசியோ வாயு’ என்றே அதற்குப் பெயர் வந்தது. கேஸ் முடிந்தது என்று எல்லோரும் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்கள்.

முடியவில்லை. 2005-ல் கல்லென், பென்ட்லி என்ற இரண்டு ரசாயன அறிஞர்கள் பழைய கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்து, ‘அந்த வாயு அப்படியொன்றும் கொடிய விஷம் இல்லை’ என்று போட்டு உடைத்தார்கள். அப்படியானால் அந்தப் பச்சை அறைகளில் குழந்தைகளைக் கொன்றது? உதிர்ந்த ஆர்சனிக் தூசு ஒரு குற்றவாளி, சந்தேகமில்லை. ஓதம் ஏறிய அறைகளில் பூஞ்சையே இன்னொரு குற்றவாளியாக இருந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். வாயுவைத் தேடின அவசரத்தில், கண்ணெதிரே கரும்புள்ளியாகப் பூத்துக்கிடந்ததை யாரும் கவனிக்கவில்லையோ?

பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாது. குழந்தையின் மூச்சுக்குழலோ குறுகல். கொஞ்சம் வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். ஓதமும் பூஞ்சையும் ஆஸ்துமாவைக் கிளறும் என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனமே எழுதிவைத்தது.

அப்புறமும் இங்கிலாந்து பாடம் படித்ததா? ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பையன் மூச்சுத் திணறி இறந்தான். வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை. அப்பா 2017-லேயே புகார் சொன்னார். ‘மேல பெயின்ட் அடிச்சுக்குங்க’ என்ற தோரணையில்தான் பதில் வந்தது. அந்தக் குடும்பத்தின் பழக்கவழக்கம்தான் காரணம் என்றுகூட நினைத்திருக்கிறார்கள்!

இந்தத் தடவை ‘இயற்கை மரணம்’ என்று எழுதவில்லை. நீண்டநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பு சொன்னார். 2025 அக்டோபரில், சமூகக் குடியிருப்புகளுக்கு ‘அவாப் சட்டம்’ அமலுக்கு வந்தது. புகார் வந்தால் 10 வேலைநாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால், 24 மணி நேரம்தான் கெடு.